தவில்காரர் வேனின் ஓரக் கண்ணாடி

1. 'டிக்' என்று ஒரு சத்தம்

கார் கண்ணாடி உடைவதற்கு முன்னால் சில சமயம் ஒரு சத்தம் கொடுக்கும். பெரிய சத்தம் இல்லை. 'டிக்'. அவ்வளவுதான். அன்று காலை அந்தச் சத்தம் கேட்டதும், வேனுக்குள் குனிந்திருந்த நான் வயரை விட்டேன். வெளியே மறுமுனையைப் பிடித்திருந்த அஸ்மானும் விட்டான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வேன்காரர் குணா அண்ணன் எழுந்து நின்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

மூன்று பேரும் கண்ணாடியையே பார்த்தோம். அது உடையவில்லை. ஆனால் உடைகிற யோசனையில் இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லிவிட்டது. என் நெஞ்சு அடித்த அடியை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். பயம் பாதி, இதை விடமாட்டேன் என்ற வெறி பாதி.

நான் தேவகி. கிள்ளானில் ஒரு கார் கண்ணாடிக் கடையில் இருபது வருடங்களுக்கு மேலாக வேலை செய்கிறேன். "பொம்பளையா கண்ணாடி கழட்டப் போறது?" என்று கேட்டவர்கள் பலர். அவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்போது கடைக்கு வந்ததும் "தேவகி இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறவர்கள் "அக்கா, உங்களுக்கு மறக்கவே முடியாத வேலை எது?" என்று கேட்டால், விலை உயர்ந்த காரையெல்லாம் சொல்லமாட்டேன். துரு பிடித்த ஒரு பழைய வேனைத்தான் சொல்வேன்.

2. வயர் வேலை என்றால் என்ன

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இப்போதைய வண்டிகளில் கண்ணாடி ரப்பரில் நிற்பதில்லை. கறுப்பு கம்மில் ஒட்டி நிற்கிறது. கம் என்றதும் பள்ளிக்கூடத்தில் காகிதம் ஒட்டிய கம்மை நினைக்காதீர்கள். காய்ந்துவிட்டால் இது கண்ணாடியையும் இரும்பையும் ஒரே உடம்பாக்கிவிடும். பிடித்து இழுத்தால் வராது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

அறுக்க ஒரு மெல்லிய வயர் இருக்கிறது. பல இழைகளைப் பின்னிச் செய்தது. ஊசியால் கம்மில் ஒரு துளை போட்டு வயரை நுழைப்போம். ஒரு முனை வண்டிக்கு உள்ளே, மறுமுனை வெளியே. இரண்டு முனையிலும் கைப்பிடி. உள்ளே இருப்பவர் இழுக்கும்போது வெளியே இருப்பவர் விட வேண்டும். அவர் இழுக்கும்போது இவர் விட வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து மரம் அறுப்பதுபோல் கண்ணாடியைச் சுற்றி வர வேண்டும். வயர் கண்ணாடியை ஒட்டியே படுத்துப் போக வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் ஒரு பக்கம் பெயிண்ட் போகும், மறுபக்கம் கண்ணாடி போகும்.

இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்களைப் பிடித்து ஒரு முனையைக் கையில் கொடுக்க எனக்கு ரொம்ப ஆசை. ஒரு பக்கம் முடிவதற்குள் தோள்பட்டை கழன்று கையில் வந்துவிடும்.

என் மறுமுனை அஸ்மான். அவனுக்குத் தமிழ் கொஞ்சம் புரியும், பேச வராது. எனக்குத் தெரிந்த மலாய், பாசாரில் மீன் வாங்கத்தான் போதும். ஆனால் வயரைப் பிடித்துவிட்டால் எங்களுக்கு மொழியே வேண்டாம். 'தாரிக்' என்றால் இழு, 'பெலான்' என்றால் மெதுவாக. இந்த இரண்டு சொல்லில் நாங்கள் கிள்ளானில் பாதிக் கார்களின் கண்ணாடியைக் கழற்றியிருப்போம்.

விரிசல் விட்ட விண்ட்ஸ்கிரீன் என்றால் எங்களுக்குப் பயமே கிடையாது. குப்பைக்குப் போகிற கண்ணாடிதானே, உடைந்தால் உடையட்டும். நல்ல கண்ணாடியை முழுசாகக் கழற்றி, அதையே திரும்ப முழுசாக மாட்டுவதுதான் வேலை. அப்படிப்பட்ட வேலை வந்தால் எனக்குக் காலையிலிருந்தே கை பரபரக்கும்.

3. நனைந்த கெட்டி மேளம்

குணா அண்ணன் தவில் வாசிப்பவர். அவருடைய நாதஸ்வர செட்டுக்கு ஒரு வேன். ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்து, இங்கேயே கிழமாகிப்போன வேன். அதன் பின்பக்க ஓரக் கண்ணாடி, நாங்கள் குவாட்டர் கிளாஸ் என்போம், அதன் கீழ் மூலையில் மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று கொண்டுவந்திருந்தார்.

"தண்ணிதானேண்ணே? தொடச்சிட்டு ஓட்டலாமே" என்று நான் சும்மா சீண்டினேன்.

"தங்கச்சி, அந்த மூலைக்குக் கீழதான் தவில் இருக்கும்" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

"போன மாசம் பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு கல்யாணம். வழி பூரா மழை. போயி எறங்கி உறையப் பிரிக்கிறேன், தோலு ஈரம். ஈரம் பட்டா தோலு தளந்துரும். ஃபேன் முன்னாடி வச்சேன், துணியால ஒத்துனேன், ஒண்ணும் சரிவரல. தாலி கட்டுற நேரம் வந்துருச்சு. ஐயரு கையத் தூக்கி கெட்டி மேளம், கெட்டி மேளம்னு கத்துறாரு. நானும் உசுரக் குடுத்து அடிக்கிறேன். 'டொப்பு டொப்பு'ன்னு கேக்குது லா! அட்டப் பொட்டிய அடிச்ச மாதிரி! பொண்ணோட அப்பா திரும்பி என்னைப் பாத்தாரு பாருங்க..."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நல்லவேளை அடக்கினேன். ஏனென்றால் அவர் கண் கலங்கியிருந்தது.

"இந்த ஞாயித்துக்கெழம அவரோட ரெண்டாவது பொண்ணுக்குக் கல்யாணம். பந்திங்ல. நேர்ல வந்து சொல்லிட்டாரு. 'குணா, மூத்தவளுக்கு நனஞ்ச மேளம். எளயவளுக்கும் அப்படின்னா எங்க குடும்பத்துல இனிமே உன்ன யாரும் கூப்பிட மாட்டோம்'னு. பந்திங்லேர்ந்து பெட்டாலிங் ஜெயா வரைக்கும் அவங்க சொந்தக்காரங்கதான் தங்கச்சி. அவங்க கூப்பிடலைன்னா என் செட்ட கலைச்சிர வேண்டியதுதான்."

பார்த்தபோது கண்ணாடிக்குக் கீழே இரும்பு துருப்பிடித்து அரித்துப் போயிருந்தது. கண்ணாடியைக் கழற்றினால்தான் அந்த இடத்தை வெட்டி வெல்டிங் வைக்க முடியும். எங்கள் பாஸ் அதே மாடலுக்கு வேறு கண்ணாடி கிடைக்குமா என்று சுபாங் ஜெயாவிலிருந்து ஆரம்பித்துத் தெரிந்த கடைக்கெல்லாம் போன் போட்டார். எங்கும் இல்லை. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடங்களிலும் இல்லை.

"தேவகி, இது உடைஞ்சா பிளாஸ்டிக் ஷீட்தான் ஒட்டணும். இப்ப பேயிற மழைக்கு அது நிக்காது. பாத்துக்க" என்று சொல்லிவிட்டு பாஸ் ஏர்கான் அறைக்குள் போய்விட்டார்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். விண்ட்ஸ்கிரீன் உடைந்தால் விரிசல்தான் விடும். ஓரக் கண்ணாடி டெம்பர்ட். அதன் விளிம்பில் எங்காவது ஒரு சின்ன அடி பட்டால் போதும், மொத்தமும் ஒரே நொடியில் கல்கண்டாகக் கொட்டிவிடும். பாதி உடைந்தது, முக்கால் தப்பித்தது என்ற பேச்செல்லாம் அதனிடம் இல்லை.

4. மூலையில் நின்ற வயர்

பெயிண்டைக் காப்பாற்ற டேப் ஒட்டினோம். உள்பக்கப் பிளாஸ்டிக் டிரிம்மைக் கழற்றினேன். கீழ் மூலையில் கறுப்பாக ஒரு கட்டி கம் பிதுங்கிக்கொண்டு நின்றது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எந்த மடையன் இப்படிக் கொட்டி வச்சிருக்கான்? இவனையெல்லாம் யாரு வேலைக்கு வச்சா? கண்ணாடிக்கு கம் போடச் சொன்னா, சுவத்துக்கு சிமெண்டு பூசுற மாதிரி பூசியிருக்கான்!"

குணா அண்ணன் கடையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரையில் பார்க்க என்ன இருக்கிறது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

மேல் மூலையில் துளை போட்டு வயரை விட்டோம். ஆஹா, எப்படிப் போனது தெரியுமா! பழைய கம், ஆனாலும் வெண்ணெய் மாதிரி அறுபட்டது. நான் இழுக்க அவன் விட, அவன் இழுக்க நான் விட, மேல் பக்கம் முடிந்து பின்பக்க ஓரத்தில் இறங்கினோம். "பாகுஸ், காக்!" என்று அஸ்மான் வெளியிலிருந்து கத்தினான். நல்லாப் போகுது அக்கா என்கிறான். எனக்குப் பாட்டுப் பாட வேண்டும்போல் இருந்தது.

கீழ் மூலைக்கு வந்ததும் வயர் நின்றது.

"கெராஸ், காக்" என்றான் அஸ்மான். கெட்டியாக இருக்கிறதாம். எனக்குத் தெரியாதா? இழுத்தேன். வயர் கொஞ்சம் போய், எதிலோ சிக்கி, திரும்ப வந்தது. கம் அப்படிச் செய்யாது. கம் அறுபடும், அல்லது சூடாகி இளகும். இது வயரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தேன். அப்போதுதான் அந்த 'டிக்'.

பாஸ் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "என்ன சத்தம்?"

"ஒண்ணும் இல்ல பாஸ். மூலைல நிக்குது."

"கத்திய விட்டு அறு. டைம் ஆவுது."

"டெம்பர்ட் கண்ணாடி வெளிம்புல கத்தியா? இந்தாங்க பாஸ், நீங்களே அறுங்க. நான் அந்தாண்ட கடைல போயி நிக்கிறேன்."

பாஸ் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். என்னோடு இத்தனை வருடம் வேலை செய்கிற மனிதர், எப்போது கதவைச் சாத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

அஸ்மான் வயரைத் தூக்கிக் காட்டினான். சிக்கிய இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து முள்ளாக நின்றன. "புத்துஸ் நந்தி" என்றான். அறுந்துவிடுமாம். வயர் அறுந்தால் கூடப் பரவாயில்லை, வேறு போடலாம். அறுந்து துள்ளுகிற வேகத்தில் கண்ணாடி விளிம்பில் அடித்தால்? டார்ச் அடித்துப் பார்த்தேன். இரும்புக் கிளிப்பா, ஆணியா, ஒன்றும் தெரியவில்லை. கறுப்பு, கறுப்பு, எல்லாம் கறுப்பு.

5. குணா அண்ணனின் விரல்கள்

"தங்கச்சி, நான் ஒரு தட்டு தட்டிப் பாக்கட்டுமா?" என்றார் குணா அண்ணன்.

எனக்கு எரிச்சல். "அண்ணே, இது தவில் இல்ல. தட்டுனா கொட்டிரும்."

"மெதுவாத்தான் மா. சத்தம் கேக்கத்தான்."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். அதற்குள் அவருடைய விரல் கூடுகள் இருந்தன. தவில்காரர்கள் வலது கை விரல்களில் மாட்டிக்கொள்வார்களே, அவை. துணிப் பட்டையை மாவுப் பசையில் தோய்த்து, சுற்றிச் சுற்றிக் காயவைத்துச் செய்வது. காய்ந்தால் கல்லு மாதிரி இருக்கும். ஒரே ஒரு கூட்டை ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொண்டு கண்ணாடியின் மேல் பக்கத்தில் தொட்டும் தொடாமலும் தட்டினார். 'டிண்' என்றது.

"இங்க விட்டுருச்சு" என்றார்.

அது நாங்கள் அறுத்த இடம். யார் வேண்டுமானாலும் சொல்லலாம். "அண்ணே, அந்தாண்ட திரும்பிக்குங்க" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க, நான் அவர் கையைப் பிடித்து, இன்னும் அறுக்காத முன்பக்க ஓரத்தில் வைத்தேன். தட்டினார். 'டண்'.

"இங்க இன்னும் புடிச்சிருக்கு."

விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். "புடிச்சிருக்கு... புடிச்சிருக்கு... இங்க பாதி." அந்தப் பாதி என்ற இடத்தில்தான் நாங்கள் துளை போட்டு ஆரம்பித்திருந்தோம்! அஸ்மான் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வருடம் என் கையை நம்பித்தான் வேலை செய்திருக்கிறேன். வயர் எங்கே இருக்கிறது, எவ்வளவு மிச்சம், எல்லாம் கைக்குத் தெரியும் என்று இருந்தேன். இந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு காதால் சொல்கிறார்!

"அந்த மூலையத் தட்டுங்கண்ணே! அதத் தட்டுங்க!" என்று கத்தினேன்.

மூலைக்கு வந்தார். தட்டினார். நிறுத்தினார். திரும்பவும் தட்டினார். இன்னொரு கூட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, இரண்டு கூட்டையும் ஒன்றோடொன்று தட்டிக் கேட்டார். பிறகு கண்ணாடியைத் தட்டினார். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ."

"என்னண்ணே?"

"தங்கச்சி, கூட்டுச் சத்தமேதான் கேக்குது. இது கம் இல்ல. இது நம்ம பசை."

எனக்குப் புரியவில்லை. மெல்ல மெல்லச் சொன்னார். போன வருடமே அந்த மூலையில் தண்ணீர் ஒழுக ஆரம்பித்திருக்கிறது. கூடு செய்ய வைத்திருந்த பசையில் பழைய வேட்டித் துணியைத் தோய்த்து அந்த இடுக்கில் திணித்திருக்கிறார். அது கல்லாகக் காய்ந்ததும், மேலே ஹார்ட்வேர் கடையில் வாங்கிய கறுப்பு சிலிக்கானைப் பூசிவிட்டார். கொஞ்ச நாள் ஒழுகவில்லை. உள்ளே இரும்பு அரித்ததும் திரும்ப ஒழுகியிருக்கிறது.

ஆக, எங்கள் வயரைப் பிடித்து வைத்திருந்தது துணி! கம்மை அறுக்கிற வயர் துணியை அறுக்காது. நூலை இழுத்து இழுத்துச் சுருட்டிக்கொண்டு, அந்தச் சுருட்டு கண்ணாடி விளிம்பைத் தூக்கியிருக்கிறது.

"ஏண்ணே, இத வந்ததுமே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீங்க எந்த மடையன்னு கேட்டுட்டீங்க. அப்புறம் எப்படி மா சொல்றது?"

நான் சிரித்த சிரிப்பில் பாஸ் மறுபடியும் கதவைத் திறந்துவிட்டார். அஸ்மானுக்குக் கையாலும் பாதி மலாயிலும் விளக்கிச் சொன்னதும் அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"சரி, மடையண்ணே," என்றேன், "இந்தக் கூடு பழசானா எப்படிப் பிரிப்பீங்க?"

"சுடுதண்ணில ஊறப் போட்டா இளகிரும்" என்றவர், சொல்லி முடிப்பதற்குள் துள்ளிக் குதித்தார். "சுடுதண்ணி! தங்கச்சி, சுடுதண்ணி!"

மேலே இருந்த சிலிக்கானை மட்டும் பிளேடால் சீவி எடுத்தேன். பாஸின் கோப்பிக்கு வைத்திருந்த தண்ணீரை வெதுவெதுப்பாக ஆற்றி, துணியில் நனைத்து மூலையில் வைத்தோம். ஆறியதும் மாற்றினோம், மறுபடியும் மாற்றினோம். குணா அண்ணன் எல்லாருக்கும் ரொட்டி சானாய் வாங்கி வந்தார். சாப்பிட்டுக் கை கழுவி வந்து விரலால் அழுத்திப் பார்த்தேன். கல்லாக இருந்தது கஞ்சியாகியிருந்தது. கொக்கியை விட்டுத் துணியின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தேன். நாடா மாதிரி வந்தது, பச்சைக் கரையோடு. அவர் வேட்டிக் கரை!

புது வயர் போட்டோம். "தாரிக்!" என்றேன். போனது. கீழ்ப் பக்கம், முன்பக்கம், ஆரம்பித்த இடம். குணா அண்ணன் கூட்டை மாட்டிக்கொண்டு சுற்றிலும் தட்டினார். டிண், டிண், டிண், எல்லா இடமும் ஒரே சத்தம்.

"விட்டுருச்சு தங்கச்சி. முழுசா விட்டுருச்சு."

உறிஞ்சு பிடியை ஒட்டி, நானும் அஸ்மானும் கண்ணாடியைத் தூக்கினோம். ஒரு கீறல் இல்லை. அதைக் கம்பளத்தின் மேல் வைத்துவிட்டு அஸ்மான் நடுக்கடையில் ஒரு ஆட்டம் போட்டான். நானும் போட்டேன் என்று பாஸ் இன்றைக்கும் சொல்வார். போட்டிருப்பேன்.

புதிதாக வந்திருக்கிறவர்கள் இரண்டு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வயர் நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள், தட்டிக் கேளுங்கள். இரண்டாவது, வண்டிக்காரர் முன்னால் பழைய வேலையைத் திட்டாதீர்கள். அதைச் செய்தவர் அவராகவே இருக்கலாம், பிறகு அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, "இந்த மூலைல நீங்க எதாச்சும் ஒட்டுனீங்களா? சொல்லுங்க, நான் கோச்சுக்க மாட்டேன்" என்பதுதான். கோபித்துக்கொள்வேன், ஆனால் மனதுக்குள்.

6. ஞாயிற்றுக்கிழமை, பந்திங்

பக்கத்துப் பட்டறையில் துருவை வெட்டி வெல்டிங் வைத்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். பிரைமர் போட்டு, புது கம் போட்டு, அதே கண்ணாடியை மாட்டினோம். காய்ந்த பிறகு அஸ்மான் ஹோஸ் பைப்பைப் பிடித்துத் தண்ணீரைப் பீய்ச்சினான். அந்த மூலைக்குக் கீழே ஒரு டிஷ்யூ பேப்பரை வைத்தால் போதும், ஒழுகினால் தெரியும். குணா அண்ணன் கேட்கவில்லை. தானே வேனுக்குள் ஏறி, அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒரு சொட்டு இல்லை.

"ஹோஸ் தண்ணி வேற, மழ வேற. நீங்க ரெண்டு பேரும் கூட வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிள்ளானிலிருந்து கிளம்பும்போதே வானம் பிய்த்துக்கொண்டது. அப்படி ஒரு மழை! இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம் இருப்பதே தெரியவில்லை. முன்னால் போகிற லோரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. நான் பட்டுப்புடவையோடு அந்த ஓரக் கண்ணாடிக்குக் கீழே, உறை போட்ட தவிலை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். வழி பூராவும் என் கை அந்த மூலையைத் தடவிக்கொண்டே வந்தது. அஸ்மான் அடிக்கடி "காக்?" என்று கேட்பான். "கெரிங்" என்பேன். காய்ந்திருக்கிறது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் "காக்?"

மண்டபத்தில் உறையைப் பிரித்தார். தோலை உள்ளங்கையால் தடவினார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

பெண்ணின் அப்பா மேடையில் நின்றார். அட்சதைத் தட்டு எங்கள் வரிசைக்கும் வந்தது. நானும் ஒரு கை அள்ளிக்கொண்டேன். ஐயர் கையைத் தூக்கினார்.

"கெட்டி மேளம்! கெட்டி மேளம்!"

குணா அண்ணன் அடித்தார். அந்தச் சத்தத்தை நான் எப்படி எழுதுவது? மண்டபத்துத் தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்த மழைச் சத்தமே அதற்குள் காணாமல் போய்விட்டது. என் நெஞ்சுக்கூட்டில் நேராக வந்து அடித்தது. பெண்ணின் அப்பா திரும்பினார். மகள் கழுத்தில் தாலி ஏறுகிற அந்த நேரத்தில், மகளை விட்டுவிட்டு, செட்டைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குணா அண்ணனைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

எல்லாரும் மணமக்கள் மேல் அட்சதை போட்டார்கள். என் கையில் இருந்ததை நான் அந்தத் தவில் மேல் போட்டேன்.